காதுக்கும் ஒலிக்கும் நடுவே உள்ள துணி

விலையுயர்ந்த ஹெட்போன்களை ஒப்பிடுவோர் ஒலித்தரத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் அணியும் வசதிக்கு வேறொரு மதிப்பெண்ணும் கொடுத்து, இரண்டையும் கூட்டித் தீர்ப்பு வழங்குவது வழக்கமாகிவிட்டது. ஒலி என்பது கருவிக்குள் இருக்கும் காந்தம், கம்பிச்சுருள், சவ்வு ஆகியவற்றின் வேலை என்றும், வசதி என்பது வெளியே இருக்கும் மெத்தை, பட்டை ஆகியவற்றின் வேலை என்றும் பிரித்துப் பார்ப்பதே இந்த வழக்கத்துக்கு அடிப்படை. காதைச் சுற்றி அமரும் மெத்தை வளையத்தைத் தனியே கழற்றி ஆராய்ந்தால் இந்தப் பிரிவினை நிலைக்காது. தலையின் மீது எவ்வளவு அழுத்தம் விழுகிறது, காது எவ்வளவு வியர்க்கிறது, தாழ்சுரங்கள் எவ்வளவு முழுமையாகச் செவிப்பறையை அடைகின்றன, வெளிச்சத்தம் எவ்வளவு உள்ளே நுழைகிறது என்ற நான்கையும் பெருமளவு தீர்மானிப்பது அந்த ஒரே வளையம்தான். அதன் மேலுறையோ துணியாக இருக்கும், அல்லது துணியின் மீது பூச்சு ஏற்றிய செயற்கைத் தோலாக இருக்கும்.

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரத்தில், ஒரு துணியின் எடை, இழுவை, துளை, சுருக்கம், வியர்வையை உறிஞ்சும் தன்மை ஆகியவை அன்றாடத் தொழிற்பேச்சு. நிட்டிங், சாயப்பட்டறை, ரெய்சிங், காம்பாக்டிங், செக்கிங் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே கைதேர்ந்தவர்கள் வாழும் வட்டாரம் அது. ஒலிப்பொறியாளர்கள் காதுமெத்தையைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் பாதி, பனியன் துணியைப் பற்றி அந்த வட்டாரம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விகளே. எனவே இந்த அத்தியாயம் ஹெட்போனைக் காந்தத்தின் பக்கமிருந்து அணுகாமல் துணியின் பக்கமிருந்து அணுகுகிறது.

ஒலியும் வசதியும் பின்னிக்கிடப்பது இந்தக் கருவியின் பிறப்பிலேயே தொடங்கியது. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அமெரிக்கக் கடற்படை சோதித்து ஏற்றுக்கொண்டபோது, அவற்றின் ஒலித்திறனைப் பாராட்டிய கையோடு தலைப்பட்டை உறுத்துகிறது என்ற குறையையும் சொன்னது. தோல் சுற்றிய இரண்டு கம்பிகளால் ஆன புதிய பட்டையை அவர் வடிவமைக்க நேர்ந்தது. 1958இல் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் ஸ்டீரியோ இசைக்கான ஹெட்போனை அறிமுகப்படுத்திய பிறகும், நல்ல ஒலி வேண்டுமானால் கனமான, காதை இறுக அடைக்கும் கிண்ணங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலையே நீடித்தது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் வெளியிட்ட எச்.டி. 414 அந்த நிலையை உடைத்தது. கிண்ணத்தின் பின்புறத்தைத் திறந்துவிட்டு, இறுக்கமான தோல் வளையத்துக்குப் பதிலாகக் காற்றுப் புகும் மஞ்சள் நிற நுரைத்திண்டை வைத்ததில், எடை குறைந்ததோடு ஒலியும் தலைக்குள் அடைபட்டது போன்ற உணர்வை இழந்து விரிந்தது. கிண்ணத்தோடு திண்டின் பொருளையும் மாற்றியபோது ஒலியின் இயல்பே மாறியதற்கு இது தெளிவான சான்று.

உள்ளிருக்கும் ஒலியெழுப்பியின் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காந்தப்புலத்தில் நகரும் கம்பிச்சுருள் ஒரு சவ்வைத் தள்ளி இழுப்பது முதல் வகை, சென்ஹைசர் எச்.டி. 600, ஃபோக்கல் நிறுவனத்தின் யுடோப்பியா போன்றவை இதைச் சேர்ந்தவை. மெல்லிய சவ்வு முழுவதிலும் மின்தடத்தைப் பதித்து, அதைக் காந்தங்களுக்கு நடுவே நிறுத்துவது சமதளக் காந்த வகை. யமஹா 1976இல் எச்.பி. 1 என்ற பெயரில் இதை விற்றது, பின்னாளில் ஆடீஸ் போன்ற நிறுவனங்கள் இதை உச்சத்துக்குக் கொண்டுசென்றன. நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் ஏற்றிய, 2 மைக்ரானுக்கும் மெலிந்த சவ்வை நிலைமின் விசையால் அசைப்பது மூன்றாம் வகை; ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960 முதல் இதைச் செய்துவருகிறது. மூன்று வகைகளிலும் இன்று உயர்நிலைக் கருவிகளின் ஒலிச்சிதைவு, அதாவது மூல ஒலியில் இல்லாத அதிர்வெண்களைக் கருவி தானே சேர்த்துவிடும் குறை, பெரும்பாலும் காதால் பிரித்தறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. மிச்சமிருக்கும் வேறுபாடுகளில் பெரும்பங்கு அதிர்வெண் சமநிலையைச் சார்ந்தது. அந்தச் சமநிலையில் மெத்தைக்குப் பெரிய பங்கு உண்டு.

மெத்தை எப்படி ஒலியைத் தீர்மானிக்கிறது என்பதை அறிய, தாழ்சுரங்கள் காதுக்கு வரும் வழியைக் கவனிக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். காதுக்கிண்ணத்தின் உட்புறமோ சில சென்டிமீட்டர் மட்டுமே. இவ்வளவு சிறிய இடத்தில் அந்த அலை ஓர் அலையாகப் பயணிக்க வழியே இல்லை. சவ்வு முன்னே வரும்போது அடைபட்ட காற்று முழுவதும் ஒரே சமயத்தில் அழுந்துகிறது, பின்னே போகும்போது தளர்கிறது. இந்த அழுத்த ஏற்றஇறக்கத்தையே செவிப்பறை தாழ்சுரமாக உணர்கிறது. மெத்தைக்கும் தோலுக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தால், ஓட்டை விழுந்த சைக்கிள் பம்பில் காற்று அழுந்தாதது போல அழுத்தம் வெளியே கசிந்துவிடும். அதிர்வெண் தாழத் தாழக் காற்று வெளியேறக் கிடைக்கும் நேரம் கூடுவதால், கசிவின் பாதிப்பும் தாழ்சுரங்களில்தான் மிகுகிறது. மூக்குக் கண்ணாடியின் காம்பு, கற்றையாகச் சிக்கிய தலைமுடி, மடலைத் தாண்டித் தொங்கும் தோடு ஆகிய எதுவும் இத்தகைய இடைவெளியை உண்டாக்கப் போதும். மூடிய வகை ஹெட்போன்கள் சிலவற்றில் இதனால் தாழ்சுரங்கள் 10 டெசிபலுக்கும் மேல் குறைந்துவிடுகின்றன. ஆராய்ச்சிக்கூடங்களில் 1972 முதல் பயன்படும் கெமார் என்ற பொம்மைத் தலை ரப்பர் செவிமடல்களைக் கொண்டது. அது கண்ணாடி அணிவதில்லை, எண்ணெய் தேய்த்துக்கொள்வதில்லை, வியர்ப்பதும் இல்லை. அந்தத் தலையில் அளந்த வரைபடமும் பல்லடம் சாலையில் ஒருவர் தலையில் கேட்கும் ஒலியும் வேறுபடுவதற்கு இதுவே முதல் காரணம்.

ஆடீஸ் எல்.சி.டி. வரிசையையும் எச்.டி. 600ஐயும் அருகருகே வைத்துக் கேட்போர் பலரும் முதலில் கவனிப்பது தாழ்சுர வேறுபாட்டைத்தான். இரண்டுமே பின்புறம் திறந்தவை. முன்னதன் தடித்த தோல் மெத்தை செவிமடலைச் சுற்றி முழுமையாக அடைத்துவிடுவதால் காதுக்கும் சவ்வுக்கும் இடைப்பட்ட காற்று அடைபட்டு நிற்கிறது, மிகத் தாழ்ந்த அதிர்வெண் வரை ஒலி மட்டம் சரியாமல் செல்கிறது. பின்னதன் வெலோர் மெத்தை, அதாவது மேற்பரப்பில் குட்டை மயிர் எழுப்பிய துணியால் ஆன மெத்தை, காற்றைத் தன் வழியே விடுவதால் தாழ்சுரங்கள் படிப்படியாகத் தணிகின்றன. அந்தத் தணிவுக்கு ஈடாக எச்.டி. 600 கொடுப்பது 260 கிராம் எடையும் காற்றோட்டமும், எல்.சி.டி. வரிசையின் பல கருவிகள் 600 கிராமைத் தாண்டுபவை. ஒன்றின் வசதியை மற்றதன் தாழ்சுரத்தோடு ஒட்ட முடியாது என்பதைத் தனித்தனி மதிப்பெண் அட்டவணைகள் மறைத்துவிடுகின்றன.

துணியின் வழியே காற்று எவ்வளவு எளிதாகச் செல்கிறது என்பதே இங்கு முதன்மையான அளவு. ஆடைத்தொழிலில் இதற்குக் காற்று ஊடுருவல் சோதனை என்று பெயர். துணியின் இரு பக்கங்களுக்கும் இடையே 100 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை ஏற்படுத்தி, காற்று நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் கடக்கிறது என்று கருவி காட்டும். விளையாட்டு உடைகளும் கோடைக்கால டி-ஷர்ட்டுகளும் இந்தச் சோதனைக்கு உட்படுவதுண்டு. ஒலியியலில் ஒரு மெல்லிய படலத்தின் எதிர்ப்பை அளக்கும் அலகு ரேல், ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபுவின் பெயரால் அமைந்தது. படலத்தின் இரு பக்க அழுத்த வேறுபாட்டைக் காற்றின் வேகத்தால் வகுத்தால் வருவதே ரேல். அதாவது இரண்டு துறைகளும் ஒரே அளவைத்தான் தலைகீழாக எழுதுகின்றன. ஒரு பின்னல் துணி 100 பாஸ்கலில் நொடிக்கு 500 மில்லிமீட்டர் காற்றை விடுகிறது என்று வைத்துக்கொண்டால், 100ஐ 0.5ஆல் வகுக்க 200 ரேல் கிடைக்கும். திறந்த காற்றில் பரவும் ஒலி அலைக்குக் காற்றே தரும் எதிர்ப்பு சுமார் 410 ரேல். அதனோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால், இழுத்துக் கட்டிய அந்தத் துணி, வழியில் குறுக்கிடும் ஒலியை 2 டெசிபலுக்குச் சற்றுக் குறைவாகவே மட்டுப்படுத்தும் என்று தெரியும். வெளிச்சத்தத்தைத் தடுக்க அது உதவாது. பூச்சு ஏற்றிய செயற்கைத் தோலிலோ காற்று ஏறக்குறைய ஊடுருவவே முடியாது. வணிக ஹெட்போன்களில் சவ்வுக்குப் பின்னும் துவாரங்களின் மேலும் ஒட்டப்படும் சின்னஞ்சிறு வலைத்துணிகள் ரேல் அளவைக் குறித்தே வாங்கப்படுகின்றன. சவ்வின் ஒத்ததிர்வை அடக்குவது அவற்றின் வேலை.

ஜி.எஸ்.எம். எனப்படும், ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடையை மட்டும் சொல்லி ஒரு மெத்தைத் துணியை வாங்கிவிட முடியாது என்பதும் இங்கே புலப்படும். அருள்புரத்துத் துணிக்கூடம் எதிலும் காணக்கூடிய ரவுண்ட் கட்டர், துணியின் மீது வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு வட்டத்தைத் துல்லியமாக அறுத்துத் தரும். அந்த வட்டத்தைச் சிறு தராசில் வைத்து, வரும் கிராம் எண்ணை 100ஆல் பெருக்கினால் அதுவே ஜி.எஸ்.எம்.; 1.80 கிராம் காட்டினால் அது 180 ஜி.எஸ்.எம். துணி. வட்டத்தின் விட்டம் 11.3 சென்டிமீட்டர், பெரிய ஹெட்போன் ஒன்றின் மெத்தை வளையத்தை முழுதாக மூடிப் பார்க்கப் போதுமான அளவு. ஒரே 180 எடையில் அறுத்த இரண்டு வட்டங்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நுண்ணிய நூலை நெருக்கமான லூப்பில், அதாவது நூல் கண்ணியில், பின்னியது ஒளியை அடைத்துக்கொள்ளும், தடித்த நூலைத் தளர்வான லூப்பில் பின்னியது ஊசிமுனைத் துளைகளாக ஒளியை விடும். எடை சமம், காற்று எதிர்ப்போ வெகுவாக வேறு. துணியை நீளவாக்கில் அமுக்கிச் சுருக்கும் காம்பாக்டிங்கில் லூப்புகள் நெருங்குவதால் எதிர்ப்பு ஏறும். லைக்ரா சேர்த்த துணி மெத்தையின் வளைவில் இழுபடும்போது துளைகள் விரிந்து எதிர்ப்பு இறங்கும். எனவே மேசையில் கிடக்கும் துணியின் அளவைக் காட்டிலும், மெத்தையின் மேல் இழுத்துத் தைத்த நிலையில் உள்ள துணியின் அளவே ஒலிக்குக் கணக்காகிறது. ஹெட்போன் விமர்சனங்களில் இந்த நுணுக்கம் பேசப்படாமல் போவது பெரிய இழப்பு. அதைப் பேசுவதற்கான அறிவு பின்னலாடைத் தொழிலாளர்களிடம் நிறையவே இருக்கிறது.

வியர்வை இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்குகிறது. 1 கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவைப்படுகிறது, அந்த வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்வதால்தான் உடல் குளிர்கிறது. மூடிய காதுக்கிண்ணத்துக்குள் காற்று சிறிது நேரத்தில் ஈரத்தால் நிறைந்துவிட, ஆவியாதல் நின்று, வியர்வை நீராகவே தங்கிவிடுகிறது. பருத்தி சாதாரண நிலையிலேயே தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை ஏற்று வைத்திருக்கும் இழை. பாலியெஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடு. பருத்தி மெத்தையுறை முதல் சில நிமிடங்கள் தோலுக்கு இதமாக இருப்பது இதனால்தான். ஆனால் ஈரத்தை ஏற்ற பருத்தி இழை பருக்கிறது, துளைகள் குறுகுகின்றன, நீரும் துளைகளில் தேங்குகிறது, காற்று எதிர்ப்பு உயர்கிறது. கேட்கத் தொடங்கியபோது இருந்த தாழ்சுர அளவு ஒரு மணி நேரத்துக்குப் பின் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாலியெஸ்டர் இழை பருப்பதில்லை, ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியே பரப்பிவிடுகிறது. இரண்டு முகங்களையும் நடுவே விறைப்பான ஒற்றை இழைகளால் இணைத்துப் பின்னும் ஸ்பேசர் துணி, அழுத்தத்திலும் நடுவிலுள்ள காற்றுவெளியைக் காத்துக்கொள்வதால் வெப்பமான ஊர்களுக்கு ஏற்றது. இன்டர்லாக், ரிப் ஆகிய பின்னல் வகைகளைப் போல இரட்டை ஊசிப்படுகை கொண்ட வட்டப்பின்னல் எந்திரத்தில் அதையும் பின்ன முடியும். 2020 டிசம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஏர்பாட்ஸ் மேக்ஸ், காதுமெத்தையின் உறைக்கும் தலையின் மேற்பட்டைக்கும் பின்னல் வலைத்துணியைப் பயன்படுத்தியதில் இந்தச் சிந்தனையின் தடம் தெரிகிறது. ஆனால் 384 கிராமுக்கு மேற்பட்ட அதன் எடை, துணி தந்த இதத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

எடையும் பிடிப்பு விசையும் தனித்தனியே கணக்கிடத் தக்கவை. இரு கிண்ணங்களையும் தலையின் பக்கவாட்டில் அழுத்தி நிறுத்தும் விசை 4 நியூட்டன் என்றும், மெத்தை தோலைத் தொடும் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்றும் கொண்டால், அழுத்தம் 800 பாஸ்கல், அதாவது 6 மில்லிமீட்டர் பாதரசம். தோலின் நுண்குழல்களில் இரத்தத்தைச் செலுத்தும் அழுத்தம் 30 மில்லிமீட்டருக்கு அருகில் இருப்பதால் இது தாங்கக்கூடியதே. மெத்தை சீராக அமராமல் தாடை மூட்டுக்கு மேலுள்ள கால்பங்குப் பரப்பு மட்டும் சுமையைத் தாங்கினால் அந்த இடத்தில் 24 மில்லிமீட்டர் வந்துவிடும். கன்னத்தில் சிவந்த தடமும் வலியும் தோன்றுவது அப்போதுதான். 600 கிராம் கருவியின் சுமை முழுவதும் உச்சந்தலையில் 10 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்கினால் 44 மில்லிமீட்டர் ஆகிறது, இரத்த ஓட்டமே தடைப்படும் அளவு அது. அதே சுமையை அகலமான தொங்கு பட்டை 30 சதுர சென்டிமீட்டருக்குப் பரப்பினால் 15 ஆகக் குறைகிறது. ஆக, எடை என்ற ஓர் எண்ணைக் கொண்டு வசதியைத் தரப்படுத்துவது தவறு. சுமை எந்தப் பரப்பில் பகிரப்படுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிடிப்பைத் தளர்த்தினால் வலி குறையும், கூடவே கசிவு மிகுந்து தாழ்சுரமும் குறையும். நாசாவுக்காக 1966இல் உருவாக்கப்பட்ட மெமரி ஃபோம் என்ற நுரை உடல்வெப்பத்தில் இளகித் தாடை எலும்பின் மேடுபள்ளத்தில் பொருந்துவதால், குறைந்த பிடிப்பிலேயே கசிவை அடைக்க உதவுகிறது. ஒலியையும் இதத்தையும் ஒரே சமயத்தில் உயர்த்திய அரிதான பொருள்களில் அது ஒன்று.

பின்னல் கூடங்களின் சத்தம் இந்த ஒப்பீட்டுக்கு வேறொரு அளவுகோலைச் சேர்க்கிறது. கைநீளத் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச நேர்ந்தால் அந்த இடத்தில் சத்தம் 85 டெசிபலைக் கடந்திருக்க வாய்ப்புண்டு என்பது தொழில்நல வல்லுநர்கள் கைக்கொள்ளும் எளிய விதி. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என வரம்பிட்டு, ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரத்தைப் பாதியாக்குகிறது. 94 டெசிபலுக்கு 1 மணி நேரமே மிஞ்சும். அத்தகைய கூடத்துக்குப் பக்கத்து அறையில் காற்று ஊடுருவும் மெத்தை கொண்ட திறந்த ஹெட்போனில் பாடல் கேட்பவர், சத்தத்துக்கு மேலே பாடலை உயர்த்த வேண்டியிருப்பதால் தம் செவியைத் தாமே சேதப்படுத்திக்கொள்கிறார். ஒலிநயத்தில் முதலிடம் பெறும் கருவி அந்த இடத்தில் தீங்கானதாகிவிடுகிறது. எந்திரங்களுக்கு நடுவே வேலை செய்யும்போது இசைக்கான ஹெட்போனை அணிவது, எச்சரிக்கை ஒலிகளையும் மறைத்துவிடுவதால், எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று.

சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் நீக்கும் எண்ணத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த விடுதலைப் போராளி நோனி கோபால் போஸின் மகனான அமர் போஸ், 1978இல் விமானப் பயணத்தின்போது இதை ஹெட்போனில் செயல்படுத்தும் வழியைச் சிந்தித்தார். அவருடைய நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெளியே ஒட்டிய மைக் சத்தத்தைப் பிடிக்க, மின்சுற்று அதன் தலைகீழ் வடிவத்தை உண்டாக்கிச் சவ்வின் வழியே சேர்க்க, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், 10,000 ஹெர்ட்ஸுக்கு 3.4 சென்டிமீட்டர், அலை சிறுக்கச் சிறுக்க, காதிலும் மைக்கிலும் ஒரே கட்டத்தில் அலை வந்து சேர்வது அரிதாகிறது. ஆகவே இந்த உத்தி மோட்டாரின் ரீங்காரம், பஞ்சுத்துகளை ஊதும் விசிறியின் இரைச்சல் போன்ற தாழ்ந்த ஒலிகளில் நன்றாகவும், ஊசிகளின் கிறீச்சொலியில் மோசமாகவும் வேலை செய்கிறது. மேல் அதிர்வெண்களை அடைக்கும் பொறுப்பு மறுபடியும் காற்றுப் புகாத மெத்தைக்கே வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே திருப்பூர் வட்டாரத்தில் காற்று பலமாக வீசும் மாதங்களில், வெளி மைக்குகளில் காற்று மோதி எழுப்பும் உறுமலும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டிய ஒன்று.

ஒலியைத் தனியே தரம்பிரிக்க முயன்றோர் கண்ட சிக்கல் இந்த அத்தியாயத்தின் கருத்தை உறுதிசெய்கிறது. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஒலிவும் டாட் வெல்டியும் 2012 முதல் கேட்போர் சோதனைகளை நடத்தியபோது, ஹெட்போனின் பெயரை மறைத்தாலும் அதன் எடையும் மெத்தையின் தொடுகையும் காட்டிக்கொடுத்துவிடுவது தெரியவந்தது. தொடுவுணர்ச்சி தீர்ப்பில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரே ஹெட்போனை அனைவருக்கும் அணிவித்து, மற்றக் கருவிகளின் அதிர்வெண் வரைபடங்களை மின்னணு வடிகட்டிகள் மூலம் அதில் போலச் செய்தார்கள். கனடா, சீனா, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாட்டவர் கலந்துகொண்ட ஆய்வில், நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கி காதில் எழுப்பும் சமநிலையை ஒத்த ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்பினார்கள். சுமார் 25 மில்லிமீட்டர் நீளமுள்ள செவிக்குழலும் மடலின் குழிவும் சேர்ந்து 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி இயல்பாக ஒலியை உயர்த்துவதால், அந்த உயர்வைச் செவிப்பறையில் மீட்டுத் தராத ஹெட்போன் மங்கலாகக் கேட்கும். 2017இல் யெரூன் பிரேபார்ட் வெளியிட்ட ஆய்வு, 283 ஹெட்போன்களின் அதிர்வெண் வரைபடங்களை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று காட்டியது. விலையின் பெரும்பகுதி கைவினை, பொருள், அரிதான தன்மை ஆகியவற்றுக்குப் போகிறது. 2015இல் சென்ஹைசர் அறிவித்த எச்.இ. 1, பளிங்கில் செதுக்கிய பெருக்கியுடன் சுமார் 50,000 யூரோ விலையில் வந்தது.

ஹார்மனின் அந்த நாட்டுப் பட்டியலில் இந்தியா இல்லை. தமிழ்க் காதுகளுக்கான ஒப்பீட்டுக்கு எந்த இசையைத் தேர்வது என்பதற்குத் திருவானைக்காவலில் பிறந்த இயற்பியலாளர் சி.வி. ராமன் நல்ல வழி காட்டியிருக்கிறார். தம்புராவின் தந்திக்கும் அதைத் தாங்கும் வளைந்த குதிரைக்கும் இடையே செருகும் ஜீவாளி என்ற சிறு நூல், தந்தி குதிரையை உரசும் விதத்தை மாற்றி, மேற்சுரங்களை, அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாக எழும் ஒலிகளை, அடர்த்தியாக எழுப்புகிறது. சாதாரணத் தந்தியில் எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேற்சுரம் எழக் கூடாதோ, அதுவும் தம்புராவிலும் வீணையிலும் எழுவதை ராமன் 1921இல் விளக்கினார். நூலை மயிரிழை அளவு நகர்த்தினாலே நாதம் மலரும் அல்லது அடங்கும். அந்த வேறுபாட்டைக் கேட்கவிடும் ஹெட்போன், 1,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை, மேலே சொன்ன இயல்பான உயர்வைத் தவிர வேறு பெரிய மேடுபள்ளம் இல்லாதது என்று நம்பலாம். மிருதங்கத்தின் வலப்பக்கத்தில் நடுவே பூசிய கரிய கரணை, தோலின் ஒழுங்கற்ற அதிர்வெண்களை முழுமடங்குகளாக ஒழுங்குபடுத்துவதை அவர் சிவகாளி குமாருடன் 1920இல் வெளியிட்டு, 1934இல் விரித்தெழுதினார். ரவைப்பசை பூசிய இடப்பக்கத் தொப்பியின் கும்கார ஒலி, மெத்தை கசிகிறதா என்பதைச் சில நொடிகளில் சொல்லிவிடும். காம்பு தடித்த கண்ணாடியைக் கழற்றியும் அணிந்தும் அந்த ஒலியை மாறிமாறிக் கேட்டால் மேலே சொன்ன கசிவுக் கணக்கு முழுவதும் காதுக்கே விளங்கும். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது, அவற்றின் ஒலி மட்டத்தை மீட்டரால் சமன்செய்த பிறகே இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும், ஏனெனில் அரை டெசிபல் உரத்துக் கேட்பதும் சிறந்ததாகத் தோன்றிவிடும்.

காலமும் ஓர் அளவுகோல். செயற்கைத் தோலின் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தாலும் வெப்பத்தாலும் வேதிப்பிணைப்பு அறுந்து செதிலாக உரிகிறது, தேங்காயெண்ணெயும் வியர்வை உப்பும் சேர்ந்தால் அந்தச் சிதைவு விரைகிறது. உள்ளிருக்கும் நுரை அமுங்கிப் போவதால் காதுக்கும் சவ்வுக்கும் இடையிலான தூரம் குறைந்து, மேல் அதிர்வெண்களின் மேடுபள்ளங்கள் இடம்பெயர்கின்றன. மெத்தையைக் கழற்றி மாற்ற முடியாத கருவி, முதல் ஆண்டில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும், வெப்ப நாட்டில் அந்த மதிப்பெண்ணுக்குத் தகுதியானதாகாது. மாற்று மெத்தைக்கு உறை பின்னுவோர் பழைய உறையின் ஜி.எஸ்.எம்., நிறம் ஆகியவற்றோடு, மெத்தையின் மேல் இழுபட்ட நிலையில் அதன் காற்று ஊடுருவலையும் அளந்து, புதிய துணியை அதே இழுவையில் அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஊடுருவல் கூடினால் லூப் நீளத்தைக் குறைத்தும், குறைந்தால் காம்பாக்டிங்கைத் தளர்த்தியும் சரிசெய்யலாம். அளவு ஒத்துவந்த பிறகு உறையை ஈரப்படுத்தி மறுபடியும் ஒருமுறை சோதித்தால், கோடையில் அணியும்போது ஒலி எந்தப் பக்கம் நகரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.